வீடு பார்க்கும் முன் கடனைப் பாருங்கள்: பண்டாரவளைப் பக்கம் நடக்கும் ஒரு புரோக்கர் வேலை

பண்டாரவளை, ஹப்புத்தளை, தியத்தலாவை, வெலிமடைப் பக்கம் வீடு வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ஆசிரியர்கள், தபால், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம் என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். ஏனென்றால் இந்தப் புரோக்கர் தேடுவது நம்மைத்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகம் கிடைத்து, "நமக்கென்று உறுதியோடு ஒரு காணி" என்ற ஆசையோடு இருக்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் வீடும் காட்டுவார், கடனும் எடுத்துத் தருவார். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. வீடு விற்றால் கொமிஷன் வாங்குகிற ஆள், உங்களுக்கு வங்கி எவ்வளவு கொடுக்கும் என்பதையும் சொல்கிறார். அந்தத் தொகை எப்போதும் வீட்டின் விலைக்குச் சரியாகப் பொருந்தும். எனக்கும் பொருந்தியது.

நாங்கள் பார்த்த வீடு நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பிரதேச சபை எல்லைக்குள். பத்துப் பேர்ச் காணி, கீழே மூன்று அறை, மேலே பிறகு கட்டிய இரண்டு அறை. விலை 90 இலட்சம். எங்கள் கையில் சேமிப்பு, சீட்டுப் பணம், கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்து 25 இலட்சம் தேறும் என்று அவரிடம் சொன்னோம். "டீச்சர், சல்லியப் பத்தி யோசிக்காதீங்க, மிச்சம் 65ஐ நான் பேங்க்ல எடுத்துத் தாரேன். டீச்சர்மாருக்குத் தனி வட்டி, ஆறு வீதம். மாசம் 46,500 கட்டினா போதும்" என்றார். அரச ஊழியர்களுக்கு வட்டிச் சலுகையோடு ஆதனக் கடன் என்று ஒரு திட்டம் இருந்தது பாடசாலைகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் அவர் சொன்னது வானத்திலிருந்து விழுந்த கதையாகத் தெரியாது. பொய்யை உண்மைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதில் ஆள் கெட்டிக்காரர்.

சம்பளப் பட்டியல், அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் வாங்கிக்கொண்டார். "பைல் செலவு" என்று 75,000 ரூபாய். அப்புறம் ஒரு கடிதம் கொண்டுவந்தார். மேலே ஒரு பெரிய வங்கியின் சின்னம், கீழே முத்திரை, நடுவில் "கொள்கையளவில் 65 இலட்சம் ரூபாய் வரை வழங்க இணங்குகிறோம்" என்று ஒரு வரி. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் முற்பணம் கேட்டார்கள். வேறு பார்ட்டி கண்டியிலிருந்து வருகிறதாம், இந்த வாரமே அட்வான்ஸ் போட்டால்தான் வீடு நிற்குமாம். ஆறு இலட்சம் கொடுத்தோம். ஒரு வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, வீட்டுக்கார ஐயா கையெழுத்து, புரோக்கர் சாட்சி. மூன்று மாதத்தில் மீதியைக் கட்டாவிட்டால் முற்பணம் திரும்பாது என்று ஒரு வரி அதில் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த வங்கிக் கிளைக்குப் போனோம். கடன் பகுதியில் இருந்த மகள் வயது அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது எங்கட கடிதம் இல்லை" என்றார். விண்ணப்ப இலக்கம் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் இல்லை. எத்தனை நாளுக்குச் செல்லும் என்ற திகதி இல்லை. வட்டி வீதம் இல்லை. தொடர்புக்கு என்று போட்டிருந்தது புரோக்கரின் கைபேசி இலக்கம். இதே மாதிரி கடிதத்தோடு இன்னொரு குடும்பமும் ஏற்கெனவே வந்து போனது என்றும் அவரே சொன்னார்.

அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்ல வேண்டும். துரத்திவிடாமல் உட்கார வைத்து, எங்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குக்குப் புரோக்கரும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

முதலில் கைக்கு வரும் சம்பளம். சம்பளப் பட்டியலில் மேலே இருக்கும் தொகையை வங்கி பார்ப்பதில்லை. இடர் கடன், சங்கக் கடன், காப்புறுதி எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதில் ஒரு பங்கைத்தான் தவணைக்கு ஒதுக்க விடுவார்கள். என்னுடையதையும் கணவருடையதையும் சேர்த்துப் பார்த்ததில் 40 இலட்சத்துக்கு மேல் போக வழியில்லை. 40 இலட்சத்தை 12 வீதத்தில் 20 வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 44,000. புரோக்கர் சொன்ன 65 இலட்சத்துக்கு அதே வட்டியில் ஏறத்தாழ 71,500 வரும். என் கைக்கு வரும் சம்பளமே அவ்வளவு இல்லை.

இரண்டாவது கிரிப், அதாவது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். இது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் கொடுத்த கடன்களின் விபரம் அங்கே சேரும். நம் ஊரில் "கிரிப்ல பேர் அடிபட்டா கறுப்புப் பட்டியல்" என்று பயமுறுத்துவார்கள். பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, விபரத்தைக் கொடுக்கும், முடிவு எடுப்பது வங்கி. ஆனால் நாம் எடுத்த கடன் மட்டுமல்ல, நாம் பிணை நின்ற கடனும் அதில் தெரியும். என் கணவர் சித்தப்பா மகனின் ஆட்டோ லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தார். தம்பி கட்டாமல் விட்ட தவணைகள் அறிக்கையில் அப்படியே இருந்தன. அதைத் தீர்த்தால்தான் விண்ணப்பமே எடுப்பார்களாம். இந்த அறிக்கையை ஒரு சிறு கட்டணம் கட்டி நாமே நம் பெயரில் எடுக்கலாம். வீடு பார்க்கப் போகும் முன்பே எடுத்தால், இப்படிப்பட்ட சிக்கல்களைச் சரிசெய்ய நேரம் இருக்கும். அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதக் கெடு ஓடும்போது, தம்பியைத் தேடிப்பிடித்துத் தவணை கட்ட வைப்பது லேசான காரியமில்லை.

மூன்றாவது மதிப்பீடு. வங்கி கடன் கொடுப்பது நாம் பேசிய விலைக்கு இல்லை, தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் எழுதும் பெறுமதிக்கு. அதிலும் சந்தைப் பெறுமதி ஒன்று, அவசரமாக விற்றால் கிடைக்கும் பெறுமதி ஒன்று என்று இரண்டு எழுதுவார். முழுப் பெறுமதிக்கும் பொதுவாக வங்கிகள் கடன் கொடுப்பதில்லை. நாங்கள் காசு கட்டி ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போனோம். சிங்கள ஐயா, மிகவும் நிதானமான மனிதர். மாடி அறைகளுக்குப் பிரதேச சபை அனுமதித்த வரைபடம் இல்லை என்றதும் அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். அப்புறம் பின்பக்கம் போய் நின்றார். அங்கே மண்மேட்டை நேராக வெட்டி இறக்கியிருந்தார்கள், தாங்கு சுவர் பாதிதான். அவர் எழுதிய சந்தைப் பெறுமதி 72 இலட்சம். அதுவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வந்தால்தான்.

பதுளை மாவட்டத்தில் இருக்கிற நமக்கு இந்த அறிக்கை ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் முழுக்க எத்தனை வீடுகள் போயின என்று பார்த்தோம். சரிவில் இருக்கும் காணிக்கு அந்த அறிக்கையை விற்கிறவரிடம் முதலில் கேளுங்கள். "இருக்கு, வீட்ல இருக்கு" என்றால், போய் எடுத்து வரச் சொல்லுங்கள். எங்கள் புரோக்கர் கடைசிவரை வீட்டில் இருக்கு என்றுதான் சொன்னார்.

செலவுக் கணக்கிலும் அவர் ஒரு பகுதியை விழுங்கியிருந்தார். காணி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். 90 இலட்சத்துக்குப் பார்த்தால் 3,59,000 ரூபாய். அதற்கு மேல் நொத்தாரிசு கட்டணம், உறுதி தேடும் செலவு, மதிப்பீட்டுக் கட்டணம். கையில் இருக்கும் 25 இலட்சத்தை முழுசாக வீட்டு விலையில் வைத்துக் கணக்குப் போட்டால் இதற்கெல்லாம் எங்கே போவது? எங்களிடம் அவர் பேசிய கணக்கில் இந்த வரியே இல்லை.

இனி அந்த வெள்ளைத் தாள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. அதாவது நாங்கள் மீதிப் பணத்தோடு போயிருந்தாலும், அந்தத் தாளைக் காட்டி வீட்டை எழுதித்தா என்று கேட்க முடியாது. புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது. நொத்தாரிசிடம் போகலாமா என்று என் கணவர் கேட்டபோது, "எதுக்கு அண்ணே வீண் செலவு, நாங்க எல்லாம் ஊர்க்காரங்கதானே" என்று தோளைத் தட்டினார்.

நொத்தாரிசு உடன்படிக்கை எழுதினால் அதில் ஒரு வரி கேளுங்கள்: வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்று. விற்கிறவர் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அப்படியென்றால் கடன் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கண்டிப் பார்ட்டி வாங்கினால் வாங்கிக்கொள்ளட்டும்.

வட்டியைப் பற்றி இன்னொன்று. முதல் ஒன்றிரண்டு வருடம் நிலையான வட்டி, பிறகு சந்தையோடு மாறும் வட்டி என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியபோது மாறும் வட்டியில் இருந்தவர்களின் தவணை என்ன பாடுபட்டது என்று உங்கள் ஸ்டாப் ரூமில் கேட்டால் சொல்வார்கள். நான் மேலே சொன்ன 40 இலட்சத்துக்கே 20 வீதம் போட்டுப் பாருங்கள், 44,000 என்றது 68,000 ஆகும். அந்த நிலை வந்தால் வீட்டுச் செலவுக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்துவிட்டு எடுக்கும் தொகையை முடிவு செய்யுங்கள். வங்கி கொடுக்க ஒத்துக்கொண்ட அளவு முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தனியார் துறையில் இருக்கிறவர்கள் ஊழியர் சேமலாப நிதியையும் விசாரியுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பங்களித்து, கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் இருந்தால், வீட்டுக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிக்கலாம். என் கணவர் கம்பெனி ட்ரைவர், அவருக்கு இந்தத் தகுதி இருக்கிறது. எங்களோடு அத்தனை தடவை தேநீர் குடித்த புரோக்கர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதில் அவருக்குப் பைல் செலவு இல்லை அல்லவா.

இப்போதைய நிலைமை இதுதான். வீட்டுக்கார ஐயாவிடம் நேரில் பேசியபோது அவர் கைக்குப் போனது நான்கு இலட்சம் மட்டும் என்று தெரிந்தது. மீதி இரண்டைப் புரோக்கர் கொமிஷன் என்று அங்கேயே பிடித்துக்கொண்டாராம். எங்களுக்குக் கடன் உறுதி என்று ஐயாவிடமும் அதே கடிதத்தைக் காட்டியிருக்கிறார். மத்தியஸ்த சபையில் ஐயா தான் வாங்கிய நான்கையும் தவணையாகத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார், முதல் தவணை வந்துவிட்டது. புரோக்கர் சபைக்கு வரவில்லை. போலிக் கடிதத்துக்காகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், வங்கியும் தன் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறது. உண்மையான வங்கியோ நிதிக் கம்பெனியோ உங்களை ஏமாற்றினால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குச் சொல்லலாம், ஆனால் இப்படித் தெருவில் நிற்கும் கடன் புரோக்கருக்குப் பொலிஸ்தான்.

ஆள் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார். வெலிமடைப் பக்கம் வீடு காட்டித் திரிவதாகக் கேள்வி. பெயர் போடவில்லை, வழக்கு நடக்கும்போது அது சரியில்லை. நான் மேலே சொன்ன மாதிரி கடிதம் உங்கள் கையில் இருந்தால் அதைக் கிழிக்காமல், காசு கொடுத்த பற்றுச்சீட்டோடு உங்கள் பகுதிப் பொலிஸில் கொடுங்கள். ஒரே மாதிரி இரண்டு மூன்று கடிதங்கள் சேர்ந்தால் முறைப்பாட்டுக்குப் பலம் வரும் என்று எங்கள் முறைப்பாட்டை எழுதிய சார்ஜன்ட் சொன்னார்.