சேலம் மாவட்டத்தில் சொட்டுநீர் மானியம்: பயன்படுத்திய உழவரின் மதிப்பீடு

சேலம் மாவட்டத்து உழவர்களுக்கு அரசு தரும் மானியங்களில், நிலத்தில் கண்கூடாகப் பலன் தருவது எது என்று கேட்டால், சொட்டுநீர்க் குழாய் அமைக்கத் தரும் நுண்ணீர்ப் பாசன மானியத்தையே முதலில் சொல்வேன். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. களையெடுப்புக் கூலிக்கு அது கைகொடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சொட்டுநீர்க் குழாயோ, கோடையில் கிணற்றில் ஊறும் கொஞ்ச நீரையும் செடியின் வேருக்குக் கொண்டுசேர்த்து, வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வயல்களைக் காப்பாற்றிக் கொடுக்கிறது.

ஐந்து ஏக்கருக்கு மிகாமல் நிலம் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. இதில் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காட்டை மட்டுமே மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்ற கணக்கில் பகிர்ந்துகொள்கின்றன. எஞ்சியதைத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து சேர்க்கிறது. ஆனால் முழு மானியம் என்பது இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டது என்பதையும், அத்தொகை செடிக்குச் செடி விடும் இடைவெளியைப் பொறுத்து மாறும் என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தென்னைக்குப் போடும் குழாயின் நீளமும், நெருக்கி நடும் கிழங்குக்குப் போடும் குழாயின் நீளமும் ஒன்றல்ல.

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருந்தால், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை தடையின்றி நகர்கிறது. எங்கள் அலுவலர் நிலத்துக்கே வந்து, கிணற்றையும் மோட்டாரையும் பார்த்து, எந்த இடத்தில் முதன்மைக் குழாய் போக வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அந்த அக்கறைக்கு நான் நன்றியுடையவன்.

குறை வந்தது குழாய் அமைத்துத் தரும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து. மானியத் தொகை உழவர் கைக்கு வராமல் நேரே நிறுவனத்துக்குப் போய்விடுவதால், குழாயைப் பதித்துப் புகைப்படம் எடுத்த பிறகு எங்களை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வடிகட்டியை எப்படிக் கழற்றிக் கழுவுவது, உப்புப் படிந்து துளை அடைத்தால் அமிலம் எந்த அளவில் விடுவது என்பதையெல்லாம் பக்கத்துக் காட்டு அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். சேலம் மாவட்டத்தில் உப்புத்தன்மை மிகுந்த கிணறுகள் பல இருக்க, இந்தப் பயிற்சி இல்லாமல் அமைப்பை ஒப்படைப்பது பொறுப்பான செயலாகாது. ஒரே நிலத்துக்கு மறுபடியும் மானியம் பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், பராமரிப்பு தவறினால் இழப்பு முழுவதும் உழவருடையதே.

இதைவிடப் பெரிய குறை திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மானியம் பட்டாவைத் தேடிப் போகிறது, உழுகிறவரைத் தேடிப் போவதில்லை. குத்தகைதாரரும் விண்ணப்பிக்கலாம் என்று விதி சொன்னாலும், அதற்கு ஏழு ஆண்டுக்கான குத்தகை ஒப்பந்தம் வேண்டும். எங்கள் பக்கத்திலோ குத்தகை பெரும்பாலும் வாய்மொழியாக, ஆண்டுக்கு ஆண்டு பேசி முடிப்பதாகவே நடக்கிறது. பாட்டனார் பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டா வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான்: அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டு பாகம் பிரிக்கும் வரை மனு மேசையிலேயே கிடக்கும்.

தனிப் பட்டாவும் கிணறும் உள்ளவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். நடவுக்குப் போதிய காலம் முன்பாகவே அரசின் உழவன் கைப்பேசிச் செயலியிலோ வட்டார அலுவலகத்திலோ பதிவு செய்துவிடுவது நல்லது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதால், அதே நிறுவனத்தின் குழாயை மூன்று நான்கு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் காட்டை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். குத்தகைக்கு உழுபவர்கள், நில உரிமையாளரையே அவர் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லலாம். அதற்கு முன், குழாய் போட்ட பின்பும் நிலம் தங்களிடமே இத்தனை ஆண்டு இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.