பலமான காற்றுக்கு எந்த ஆண்டெனா? என் ஓட்டு தலைகீழ் வி-க்கு

ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆண்டெனா வாங்கும்போது பெட்டியில் 'மணிக்கு 160 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்' என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த எண் பெரும்பாலும் ஆண்டெனாவுக்கு மட்டும்தான், அதைத் தூக்கிப் பிடிக்கும் மாஸ்ட் என்ற கம்பம், அதை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி, ஆண்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டர் எல்லாம் நம் பொறுப்பு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், அதனால் 80-ல் அசையாமல் நின்றது 160-லும் நிற்கும் என்று சொல்ல முடியாது. முதலில் பார்க்க வேண்டியது காற்று படும் பரப்பு எவ்வளவு என்பதை. அதைச் சொல்லாத ஆண்டெனாவை நான் வாங்க மாட்டேன்.

மூன்று எலிமெண்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட, ஒரே திசையை நோக்கும் யாகி ஆண்டெனா கேட்பதற்கு அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 20 மீட்டர் பேண்டுக்கு (சுமார் 20 மீட்டர் அலைநீள அலைவரிசை) ஒவ்வொரு எலிமெண்டும் சுமார் 10 மீட்டர் நீளம், காற்று அதைப் பிடித்துத் திருப்பப் பார்க்கும், அடி முழுக்க ரொட்டேட்டரின் பல்சக்கரத்துக்கு. இன்னொன்றும் உண்டு: புயலில்தான் உடையும் என்றில்லை, சீராக அடிக்கும் மிதமான காற்றிலேயே அலுமினியக் குழாய் விடாமல் அதிர்ந்து நாளடைவில் விரிசல் விடும். யாகிதான் வேண்டும் என்பவர்கள் குழாய்க்குள் நீளவாக்கில் ஒரு கயிறு விட்டுவிடுங்கள், அதிர்வு நன்றாக அடங்கும்.

குடைபோல் விரிந்த கைகளில் வயர் கட்டிய ஹெக்ஸ்பீம் ஆண்டெனா வளைந்து கொடுக்கும், பரவாயில்லை, ஆனால் அதற்கும் நல்ல மாஸ்டும் ரொட்டேட்டரும் வேண்டும்.

காற்று ஓயாத இடத்துக்கு நான் கைகாட்டுவது தலைகீழ் வி டைபோல்தான். நடுவில் ஒரே மாஸ்ட், இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் மெல்லிய வயர், காற்றுக்குப் பிடிக்க ஒன்றுமே இருக்காது. 20 மீட்டர் பேண்டுக்குப் பக்கத்துக்கு 5 மீட்டர் போதும், நடுக்கோணம் மட்டும் 90 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாகியின் கெயின், அதாவது ஒரு திசையில் கூடுதல் வலு, இதில் கிடைக்காது, திசை திருப்பவும் முடியாது. அடுத்த நாள் காலையிலும் ஆண்டெனா மேலேயே இருக்கிறதே, எனக்கு அதுதான் முக்கியம்.

இதிலும் அறுகிற இடம் ஒன்று இருக்கிறது, நடு இன்சுலேட்டர். சால்டர் வைத்த இடத்தில் ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும், காற்றில் ஆட ஆட அந்த விறைப்பு முடிகிற விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதனால் இழுவையை இன்சுலேட்டரின் துளையில் சுற்றிய வயர் ஏற்க வேண்டும், சால்டர் வைத்த வால் தொய்வாகத் தொங்க வேண்டும். கோஆக்சியல் கேபிளையும் மாஸ்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அதன் எடை கனெக்டரில் தொங்கக் கூடாது. வயரின் நுனியை மரத்தில் கட்டுவதாக இருந்தால் இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள், ஒரு கப்பி வைத்து மறுமுனையில் எடையைத் தொங்கவிடுங்கள், மரம் ஆடும்போது எடை ஏறி இறங்கும், வயர் தப்பிக்கும். கயிறு வெயிலில் இற்றுப்போகாத பாலியெஸ்டராக இருக்கட்டும்.

அப்புறம், எந்த ஆண்டெனாவாக இருந்தாலும் சரி, மாஸ்ட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பி மேல் படாத இடமாகப் பார்த்து நடுங்கள்.