வீடியோ டிரைவர் சேதி சொல்ல எது தோது: போலிங்கா, யூஈவென்டா, வி4எல்2 ஈவென்டா?

பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாச்சிகளுக்காக ஒரு எச்டிஎம்ஐ கேப்ச்சர் போர்டுக்கு (கேமரா படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் பலகை) லினக்ஸ் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், எழுதினேன். முகூர்த்த நேரத்தில் கேமராவை மாற்றிச் செருகுவார்கள். 1080 வரிப் படம் 720 ஆகிவிடும். இதை லைவ் விடும் மென்பொருளுக்கு டிரைவர் எப்படிச் சொல்வது? நான் எடுத்தது வி4எல்2 ஈவென்ட்; வி4எல்2 என்பது லினக்ஸில் வீடியோ சாதனங்களோடு மென்பொருள் பேசும் இடைமுகம், ஈவென்ட் என்பது அதில் வரும் அறிவிப்பு. மற்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் எடுத்தேன்.

போலிங் என்றால் "சிக்னல் மாறிச்சா, மாறிச்சா" என்று மென்பொருள் நச்சரித்துக்கொண்டே இருப்பது. எழுதச் சுலபம். இரண்டு கேள்விக்கு நடுவில் சிக்னல் போய் வந்தால் தெரியாது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

யூஈவென்ட், நெட்லிங்க் சாக்கெட் (கெர்னலும் மென்பொருளும் பேசும் வழி) வழியாகக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, போடும் பொது அறிவிப்பு. மண்டபத்து மைக்கில் "மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தாச்சு" என்பது மாதிரி, காது உள்ள எல்லோருக்கும் விழும். போர்டைச் செருகியது, பிடுங்கியது இதற்கெல்லாம் அதுதான் சரி. டிஆர்எம் டிரைவர்கள் (திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள்) மானிட்டர் மாறியதை இப்படித்தான் சொல்கின்றன. ஆனால் இன்டரப்டுக்குள் (சாதனம் கூப்பிட்டதும் உடனே ஓடும், காத்திருக்கக் கூடாத நிரல்) இருந்து அனுப்ப முடியாது, வொர்க்க்யூவுக்கு (வேலையைப் பிறகு செய்யும் வரிசை) தள்ளிவிட வேண்டும்.

வி4எல்2-இல் கதை வேறு. வீடியோ சாதனத்தைத் திறந்த மென்பொருள், தனக்கு வேண்டிய ஈவென்டுக்கு மட்டும் பதிவு செய்யும். ஃபிரேமுக்குக் காத்திருக்கும் அதே poll() அழைப்பிலேயே (பெயர்தான் போலிங் மாதிரி, இது நச்சரிக்காமல் தூங்கிக் காத்திருக்கும்) ஈவென்டுக்கும் காத்திருக்கலாம், தனி த்ரெட் வேண்டாம். மென்பொருள் பாதியில் செத்தாலும், ஃபைல் மூடும்போது பதிவும் போய்விடும்.

என்னை இழுத்தது இதெல்லாம்கூட இல்லை. படிக்கிறவன் மெதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான். என்கோடர் (படத்தைச் சுருக்கும் பகுதி) திணறும்போது மென்பொருள் ஈவென்டை எடுக்க வராது. கேபிள் ஆட்டம் கண்டால் டிரைவரோ சரமாரியாக அனுப்பும். பதிவின்போதே இத்தனை இடம் என்று நினைவகம் ஒதுக்கிவிடுவதால், ஈவென்ட்கள் காத்திருக்கும் வரிசை வீங்காது. ஈவென்ட் போடும் நேரத்தில் நினைவகம் கேட்கவும் வேண்டாம், அதனால் இன்டரப்டுக்குள் இருந்தே போடலாம். இடம் நிறைந்தால் பழையது கழியும். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருப்பதால் தவறியது மென்பொருளுக்குத் தெரியும். சோர்ஸ் சேஞ்ச் (வரும் சிக்னல் மாறியது என்று சொல்லும்) ஈவென்டுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு: ஒரே ஒரு இடம்தான், பழையதில் இருந்த மாற்றக் குறிகள் புதியதில் சேர்ந்துவிடும். பத்து தடவை ஆடினாலும் "மாறிவிட்டது" என்று ஒரு சேதி கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதானே.

ஃபிரேம் சிங்க் (ஒவ்வொரு ஃபிரேம் தொடங்கும்போதும் வருவது) மாதிரி ஒவ்வொன்றும் முக்கியமான ஈவென்டுக்கு ஒரே இடம் போதாது, கூடுதலாகக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் நான் அதிகம் புழங்கியதில்லை. எத்தனை இடம் என்பதை அவரவர் சாதனத்தில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஒரு குறை உண்டு. ஈவென்ட் "ரெசல்யூஷன் மாறியது" என்பதோடு நிறுத்திக்கொள்ளும், புது அளவைச் சொல்லாது. மென்பொருள் டைமிங்ஸைக் (சிக்னலின் அளவு, வேக விவரம்) கேட்டு, ஸ்ட்ரீமை நிறுத்தி, பஃபர்களை (ஃபிரேம் தங்கும் நினைவகம்) மறுபடி ஒதுக்கித்தான் ஓட்ட வேண்டும்.