பியூஃபர்ட் வேன் சுற்றுலா: யமசிகளின் ஊர்களைத் தேடி

அமெரிக்காவின் தென் கரோலினாவில் பியூஃபர்ட்டிலிருந்து கிளம்பி, யமசிகள் என்ற பூர்வகுடி இனத்தார் வாழ்ந்த இடங்களைக் காட்டும் அரைநாள் வேன் சுற்றுலா இது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வண்டி சுத்தம், ஏசி பரவாயில்லை. கொசு மருந்து மட்டும் மறக்காதீர்கள், சதுப்பு நிலம்.

வழிகாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒகேட்டி ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, பதப்படுத்திய மான் தோல் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஓரத்தில் கத்தி பட்ட கிழிசல்கூட இருந்தது. அதைத் தடவிக்கொண்டிருக்கும்போதே கணக்கைச் சொன்னார்: 1711 வாக்கில் யமசிகள் ஆங்கிலேய வியாபாரிகளுக்குப் பட்டிருந்த கடன் ஒரு லட்சம் தோல். துப்பாக்கி, துணி, ரம் எல்லாம் கடனில் வாங்கியது. அடைக்க மான் போதவில்லை. பக்கத்து இனத்தாரைப் பிடித்து அடிமையாக விற்றார்கள். அதுவும் வற்றியதும், வியாபாரிகள் யமசிகளின் பெண்டு பிள்ளைகளையே பிடித்துக்கொண்டு போனார்கள். கொடுத்த காசு இந்த அரை மணி நேரத்துக்கே சரியாகிவிட்டது.

அப்புறம் யமசிகளின் ஊரான போகோடலைகோ. பார்க்க ஒன்றுமில்லை, நெடுஞ்சாலை இரைச்சல்தான். சமாதானம் பேச வந்த கரோலினா அதிகாரி தாமஸ் நெய்ர்னையும் உடன் வந்தவர்களையும் 1715 ஏப்ரல் 15, புனித வெள்ளியன்று, யமசிகள் தாக்கி, போரைத் தொடங்கிய ஊர். நெய்ர்னைச் சித்திரவதை செய்த கதையைக் குரலை ஏற்றி இறக்கி நடித்தே காட்டினார். பின்சீட்டுக் குழந்தை அழுதுவிட்டது. ஆனால் யமசிகள் தரப்பில் ஹஸ்பா என்ற ஊரின் தலைவர் கரோலினா ஆளுநருக்கு எழுதவைத்த கடிதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைவர்களைத் தூக்கிலிட்டு மற்றவர்களை அடிமையாக்கப் போவதாக ஆங்கிலேய வியாபாரி ஜான் ரைட் மிரட்டினார் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கேட்டேன். "நேரமில்லை" என்றார். நடிக்க நேரமிருந்ததே!

"தோற்றதும் ஃப்ளோரிடா போய்விட்டார்கள்" என்று முடித்ததும் அநியாயம். 1685-இல் ஸ்பானியர்களின் மிஷன் (கிறிஸ்தவ மதப்பணி) கிராமத்தைச் சூறையாடியவர்கள் அப்போது ஃப்ளோரிடாவை ஆண்ட அதே ஸ்பானியர்களிடம் அடைக்கலம் புகுந்து, அங்கிருந்து பல வருடங்கள் கரோலினாவைத் தாக்கினார்கள். 1728-இல் கரோலினாவின் ஜான் பால்மர் படையோடு ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் வரை வந்து அவர்களைத் தாக்கினார். இத்தனைக்கும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

போவதென்றால் காலை வண்டியில் போங்கள், முன்சீட்டில் உட்காருங்கள். கடன் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர் உற்சாகமாகிவிடுகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.