கோழிக்குக் கணக்கு இருக்கிறது, தையல் மெஷினுக்கு இல்லை: ஃபெஞ்சல் வெள்ள நிவாரணம் பற்றி என் மதிப்பீடு

கடலூர் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் எங்கள் ஊர். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில், பாகூரில். அது புதுச்சேரி அரசு. 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் இரண்டு வீட்டிலும் தண்ணீர் புகுந்தது, இரண்டு வீட்டுக்கும் நிவாரணம் வந்தது. ஹோட்டலுக்கும் துணிக்கடைக்கும் மதிப்பீடு எழுதுகிறோம், இதற்கு ஏன் எழுதக்கூடாது?

புயலைவிட எங்களைக் கெடுத்தது ஆறுதான். அந்த ஆற்றின் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் டிசம்பர் 2 விடிகாலை 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தபோது நல்ல இருட்டு. பிள்ளைகளையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம். திரும்பி வந்து மெஷினின் ஷட்டிலைக் கழற்றினேன், உள்ளேயிருந்து வண்டல் கட்டி கட்டியாக விழுந்தது. மோட்டார் போயே போய்விட்டது. கல்யாண வீட்டார் கொடுத்த அரக்குப் பட்டுத் துணியின் சாயம், அதனடியில் மடித்து வைத்திருந்த சந்தன நிறத் துணியில் இறங்கியிருந்தது. இரண்டு துணிக்கும் நான்தான் பணம் கொடுத்தேன்.

சரி, நிவாரணத்துக்கு வருகிறேன். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5,000. 2023 மிக்ஜாம் புயலில் சென்னைக்கு 6,000 கொடுத்ததையும் எங்கள் வரிசையில் நின்ற யாரும் மறக்கவில்லை. தொகையில் எனக்கு வருத்தம் உண்டு. கொடுத்த விதத்தில் குறை சொல்ல மாட்டேன். டோக்கன் வந்தது, ரேஷன் கடையில் ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள். ஒரு பாட்டிக்குக் கைரேகை விழவே இல்லை. விற்பனையாளர் பாட்டியின் விரலைத் தன் துண்டால் துடைத்துத் துடைத்து நாலு விரல் மாற்றிப் பார்த்தார். கடைசியில் நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தார், திருப்பி அனுப்பவில்லை. அக்கா வீட்டுப் பணம் அவள் மாமியாரின் வங்கிக் கணக்கில் ஏறியது. அத்தையைச் சேற்றில் நடத்திக் கூட்டிப்போய் எடுக்க இரண்டு நாள் ஆனது. அந்த நேரத்தில் கையில் வந்த 2,000 பெரிசு என்று அக்காவே சொன்னாள்.

கோளாறு கணக்கெடுப்பில்தான். அறிவித்த பட்டியலில் குடிசைக்கு 10,000, நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கோழி வளர்ப்பவளுக்கு அது பிழைப்பு, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் என் மெஷின், எதிர்வீட்டு இட்லிக்கடையின் கிரைண்டர், முனையில் இருக்கும் இஸ்திரி வண்டி எதுவும் அதில் இல்லை. கணக்கெடுக்க வந்தவர் "வீடு இடிஞ்சுதா, மாடு போச்சா?" என்று கேட்டார். மெஷினைக் காட்டினேன். "இதுக்குக் கட்டம் இல்லியேம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கையிலிருந்த தாள் அப்படி. மத்திய அரசின் விதியில் கைத்தறி, கைவினைத் தொழிலாளர்களின் கருவி சேதமானால் உதவ இடம் இருக்கிறது. தையலும் கையால் செய்யும் தொழில்தானே?

மாநிலப் பேரிடர் நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநிலத்துடையது. முதல்வர் இடைக்கால நிவாரணமாக 2,000 கோடி கேட்டிருந்தார். டிசம்பர் 6 அன்று அந்த முக்கால் பங்குக் கணக்கில் 944.80 கோடியை விடுவித்தார்கள். அதற்கு மேல் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். புதுச்சேரிக்கு 33.06 கோடி. அதற்குள் புது மோட்டாருக்கு மகளிர் குழுவில் வாங்கிய கடனில் நான் நாலு தவணை கட்டிவிட்டேன்.

இந்தக் கோடிகளெல்லாம் பேப்பரில் வந்துவிடுகின்றன. எங்கள் ஊருக்கு எவ்வளவு, யார் யாருக்கு, எதற்காக என்பது மட்டும் எங்கும் ஒட்டப்படவில்லை. பின்தெருவில் ஒரு குடிசைக்குப் பணம் வந்தது, ஒட்டினாற்போல் இருந்த இன்னொன்றுக்கு வரவில்லை. அந்த அம்மா காரணம் தெரியாமலே ஒரு மாதம் அலைந்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டு குடும்பமும் இப்போது பேசிக்கொள்வதில்லை. பெயர்ப்பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டி, ஜனவரி 26 கிராம சபையில் வாசித்திருந்தால் இது நடந்திருக்காது. ரேஷன் கடைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். கணக்கெடுப்புக்கு ஒன்றுதான்.

குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ரசீது மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு அதை எடுத்துப் போகிறேன். கணக்கெடுப்புத் தாளில் 'தொழில் கருவி' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கேட்கப் போகிறோம். குழுவிலிருந்து 11 பேர் கூட வருகிறேன் என்றிருக்கிறார்கள், இட்லிக்கடை அக்காவும் வருகிறார்.