டம்ளரில் கம்பி விட்டு ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறார்கள், பெங்களூரு நண்பர்களே கவனம்

கம்மனஹள்ளி, பாணஸ்வாடி, லிங்கராஜபுரம் பக்கம் குடியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். 'ஃப்ரீ வாட்டர் டெஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் மத்தியான நேரமாகப் பார்த்து வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தையும் குழந்தையும் மட்டும்தான் இருந்தார்கள். சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள் 21,000 ரூபாய் மெஷினுக்கு 6,000 ரூபாய் அட்வான்ஸ் போய்விட்டது.

நன்றாகத் தமிழ் பேசியிருக்கிறார்கள். வாட்டர் போர்டு ஆள் மாதிரி ஒரு தோரணை, ஆனால் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் கேட்டு வாங்கி, ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் இன்னொன்றில் தாங்கள் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார்கள். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளரிலும் இறக்கி சுவிட்சைப் போட்டதும், எங்கள் தண்ணீர் பச்சையாகி, அப்புறம் பழுப்பாகி, மேலே நுரை கட்டி நின்றதாம். அவர்கள் தண்ணீர் தெளிவாகவே இருந்ததாம். ஒரு நிற அட்டையைக் காட்டி, இந்த நிறம் ஆர்செனிக், அந்த நிறம் பூச்சிமருந்து என்று விளக்கம் வேறு. கடைசியில், "இதைத்தான் பேரனுக்குக் கொடுக்கிறீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி. அத்தை உடனே போனை எடுத்துப் பணம் அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேரன் என்ற சொல் வந்த பிறகு எந்தப் பாட்டி யோசித்துக்கொண்டிருப்பார்?

சரி, டம்ளருக்குள் என்ன நடக்கிறது? கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் ஓடும்போது அந்த இரும்பு கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. இன்னொரு முனையில் ஹைட்ரஜன் குமிழி விடும், அதுதான் நுரை. கரைந்த இரும்பு ஹைட்ராக்சைடாக மாறிப் பச்சையாகத் தெரியும், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் பழுப்பாகும். ஆக, டம்ளரில் மிதக்கும் அழுக்கு கம்பியின் துரு. நம் தண்ணீரில் முன்பே இருந்தது அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகளை ஏறக்குறைய எடுத்துவிடுவதால் மின்சாரம் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது, நிறமும் மாறாது. அவ்வளவுதான் வித்தை. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சில ஆலைகளில் இதே முறையில் வேண்டுமென்றே இரும்பைக் கரைத்து அழுக்கைத் திரட்டி எடுக்கிறார்கள் என்பது தனிக்கதை.

எனக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. நம் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்திருந்தாலும் இதே நிறம்தானே வந்திருக்கும்? அப்படியென்றால் அந்த டெஸ்ட் எதைக் காட்டுகிறது?

மீதிப் பணம் வாங்க வந்தபோது, "எனக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்றேன். உற்சாகமாக ஆரம்பித்தார்கள். அவர்களுடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டேன். "அதெல்லாம் போடக்கூடாது மேடம், மெஷின் கெட்டுடும்" என்றார் ஒருவர். "சாப்பாட்டில் போடுகிற உப்புதானே, போடுங்கள்" என்று நின்றேன். சுவிட்சைப் போட்டதும் எங்கள் தண்ணீரை விடக் கறுப்பாக வந்தது. அத்தை பக்கத்தில் நின்று பார்த்தார். அதன்பிறகு நிற அட்டை பைக்குள் போய்விட்டது. (இதை நீங்களாகக் கம்பி வைத்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். 230 வோல்ட் கரண்ட். அவர்களிடமே செய்யச் சொல்லுங்கள்.)

இந்த ஊரில் இப்படிக் கேட்பது புதிதல்ல. பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா 1976ல் அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து, நாங்கள் வைக்கும் நிபந்தனையில் செய்து காட்டுங்கள் என்று சத்ய சாய்பாபாவுக்கே கடிதம் எழுதினார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவில்லை. டம்ளரையும் பாட்டிலையும் விற்பவரே தேர்ந்தெடுக்கும்போது நாமும் ஒரு நிபந்தனை வைக்கலாம், தப்பில்லை.

அடுத்து அவர்கள் எடுத்தது டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி. பேனா மாதிரி இருக்கும். எங்கள் காவேரித் தண்ணீரில் 210 காட்டியது, "பாருங்க, எவ்வளவு அதிகம்" என்றார். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. அந்த மீட்டர் அளப்பதும் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான், அதை வைத்துக் கணக்குப்போட்டு ஓர் எண்ணைக் காட்டும். கால்சியமும் ஆர்செனிக்கும் அதற்கு ஒன்றுதான். கிருமி அந்த மீட்டரின் கண்ணுக்கே தெரியாது.

உண்மையில் நம் ஊரில் பயப்பட வேண்டியது கிருமிக்குத்தான். காவேரியை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி டி.கே. ஹள்ளியில் சுத்திகரித்து, குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வழியில் உடைந்த குழாய், வருஷக்கணக்கில் கழுவாத சம்ப், அதில் கலக்கிற டேங்கர் தண்ணீர், இதெல்லாம் இருக்கிறது. ஹவுஸ் ஓனரிடம் சம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் அங்கீகாரம் பெற்ற லேபில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிருமி வகை) பரிசோதனை செய்யுங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் தரம். நன்றாகக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும்.

ஆர்.ஓ. மெஷினே மோசடி என்று நான் சொல்லவில்லை. போர்வெல் தண்ணீரை மட்டும் நம்பி, டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டுகிற வீடுகளுக்கு அது தேவைதான். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது, காரணம் அது வீணாக்கும் தண்ணீர். 2024 கோடையில் குடத்தோடு டேங்கருக்குக் காத்திருந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

பணம்? "புக்கிங் கேன்சல் ஆகாது" என்றார்கள். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, யூ.பி.ஐ. போனதும் யாரோ ஒரு தனிநபர் கணக்குக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டையும் மெஷின் விற்க வந்தவர்களுக்கு அனுப்பிய பிறகு 5,500 திரும்பி வந்தது. மீதி 500 'விசிட் சார்ஜ்' என்றார்கள். அதையும் விடுவதாக இல்லை, புகாரை இன்னும் முடிக்கவில்லை. உங்கள் பில்டிங்குக்கும் இவர்கள் வந்திருந்தால், பணம் கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், தேதியையும் ரசீதின் போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்க்கிறேன்.