ஆளா, நீதிபதியா, சந்தையா? அமெரிக்க வலதுசாரிகளின் மூன்று வழிகள்

அமெரிக்க வலதுசாரி இயக்கத்துக்குப் பணத்தட்டுப்பாடு என்று ஒன்று பெரிதாக இருந்ததில்லை. அந்தப் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் ஐம்பது ஆண்டுகளாக இழுபறி. அரசு அலுவலகங்களில் நம் ஆட்களை உட்கார வைப்பதா? நீதிமன்றங்களைப் பிடிப்பதா? இல்லை, பதவிப் பேச்சை விட்டுவிட்டு சுதந்திரச் சந்தைக்காக வாதாடிக்கொண்டே இருப்பதா? ஒவ்வொன்றுக்கும் வாஷிங்டனில் ஓர் அமைப்பு உண்டு. ஆட்களுக்கு ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், நீதிபதிகளுக்கு ஃபெடரலிஸ்ட் சொசைட்டி, சந்தைக்கு கேட்டோ இன்ஸ்டிட்யூட். தூரத்திலிருந்து பார்த்தால் மூவரும் ஒரே கூட்டம். ஆனால் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்கும் இடங்களும் நிறைய இருக்கின்றன.

ஹெரிடேஜ் தொடங்கியது 1973ல். பீர் ஆலை அதிபர் ஜோசப் கூர்ஸ் கொடுத்த இரண்டரை லட்சம் டாலர்தான் முதல் முதலீடு. 1981ல் ரீகன் ஜனாதிபதியாகப் பதவியேற்ற சமயத்தில், ஒவ்வொரு துறையிலும் என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதி நீட்டினார்கள். அதை ரீகன் தன் அமைச்சர்களுக்கே விநியோகித்தார். ‘ஆட்களே கொள்கை’ என்ற வாசகம் அந்தக் காலத்தில் புழங்க ஆரம்பித்தது. நாற்காலியில் இருப்பவர் ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு நல்ல திட்டமும் கோப்போடு கோப்பாகக் கிடக்கும் என்பது அதன் பொருள். இதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

நம் ஊரில் ஆட்சி மாறினால் கலெக்டர்கள் இடம் மாறுவார்கள், வேலை போகாது. அமெரிக்காவில் ஜனாதிபதி மாறும்போது ஏறத்தாழ 4,000 பதவிகளுக்குப் புதிய ஆட்களைப் போடலாம். ஆனால் மத்திய அரசில் வேலை பார்ப்பவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். மிச்சப் பேர் எல்லாம் 1883ஆம் ஆண்டின் பெண்டில்டன் சட்டத்தில் தொடங்கிய பாதுகாப்புக்குள் இருப்பவர்கள். அந்தச் சட்டம் வந்த கதையும் விசேஷமானதுதான். அரசுப் பதவி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் ஒருவன் 1881ல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான், அதற்குப் பிறகுதான் ‘வேண்டியவருக்கு வேலை’ முறைக்குக் கடிவாளம் போட்டார்கள்.

அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தத்தான் 2020 அக்டோபரில் ட்ரம்ப் ‘ஷெட்யூல் எஃப்’ என்ற உத்தரவைப் போட்டார். கொள்கை முடிவுகளோடு தொடர்புள்ள நிரந்தர ஊழியர்களையும் எளிதில் நீக்கலாம் என்றது அது. 2021 ஜனவரியில் பைடன் வந்த வாரத்திலேயே ரத்து செய்தார். 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார். இந்த முறை சுமார் 50,000 பேர் இதில் வரலாம் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. ஹெரிடேஜ் வழியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கையெழுத்தில் வந்தது அடுத்தவர் கையெழுத்தில் போகும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. ஆட்களை அனுப்பினால் அவர்கள் எஜமானர் சொல்வதைத்தான் செய்வார்கள், அனுப்பியவர் சொல்வதை அல்ல. ஹெரிடேஜ் தலைமையில் 2023ல் வந்த 900 பக்கத் திட்டம்தான் ‘ப்ராஜெக்ட் 2025’. தேர்தல் நேரத்தில் அது தனக்குத் தெரியவே தெரியாது என்று ட்ரம்ப் கைகழுவினார். ஜெயித்த பிறகு, அதில் ஓர் அத்தியாயம் எழுதிய ரஸல் வோட் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்துக்குத் தலைவரானார். சரி, அரசியலில் இதெல்லாம் சகஜம். எனக்கு வியப்பு தந்தது அந்தப் புத்தகத்தின் வர்த்தகப் பகுதி. இறக்குமதி வரி வேண்டும் என்று ட்ரம்பின் வர்த்தக ஆலோசகர் பீட்டர் நவாரோ ஒரு கட்டுரை, வேண்டாம் என்று சுதந்திரச் சந்தைக்காரர் கென்ட் லாஸ்மன் இன்னொரு கட்டுரை, இரண்டும் ஒரே அட்டைக்குள். ரீகன் காலத்துச் சுதந்திரச் சந்தைக்காரர்கள் தங்கள் பொருளாதாரக் கொள்கை என்ன என்பதைக்கூட முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் அச்சடித்துவிட்டார்கள்!

ஃபெடரலிஸ்ட் சொசைட்டியின் பாணி வேறு. 1982ல் யேல், சிகாகோ சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் நடத்திய ஒரு கருத்தரங்கில் பிறந்தது. அப்போது சிகாகோவில் பேராசிரியராக இருந்த, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான அன்டோனின் ஸ்காலியா அவர்களுக்கு வழிகாட்டி. அமைப்பாக எந்த வழக்கிலும், எந்த நியமனத்திலும் அது அதிகாரபூர்வ நிலைப்பாடு எடுப்பதில்லை. விவாதம் நடத்தும், விருந்து வைக்கும், இளம் வக்கீல்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும், அவ்வளவுதான். கேட்பதற்குச் சாது மாதிரி இருக்கும். ஆனால் இருபது வருடம் இப்படிப் பழகியவர்கள்தான் அப்புறம் நீதி அமைச்சகத்திலும் வெள்ளை மாளிகையிலும் உட்கார்ந்துகொண்டு, யாரை நீதிபதியாக்கலாம் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

அடி வாங்கித்தான் கற்றார்கள். 1987ல் உச்ச நீதிமன்றத்துக்கு ரீகன் நிறுத்திய ராபர்ட் போர்க்கை செனட் 58-42 என்று நிராகரித்தது. 1990ல் மூத்த புஷ் நியமித்த டேவிட் சூட்டர், பதவியேறிய பிறகு லிபரல் அணியோடு போய்விட்டார். 2005ல் இளைய புஷ் தன் சொந்த வக்கீல் ஹேரியட் மையர்ஸை நிறுத்தியபோது எதிர்த்து எழுந்தவர்கள் வலதுசாரிகளே. மையர்ஸ் விலகினார், அவர்களுக்குப் பிடித்த பழமைவாத நீதிபதி அலிட்டோ வந்தார். 2016 மே மாதம், தேர்தலில் நின்ற ட்ரம்ப், உச்ச நீதிமன்றத்துக்கு யாரை நியமிப்பேன் என்று 11 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். சொசைட்டியின் லியனார்ட் லியோவும் ஹெரிடேஜும் அதற்குக் கைகொடுத்தார்கள். ட்ரம்பை நம்பாத பழமைவாதிகள் பலர் அந்தப் பட்டியலை நம்பி வாக்களித்தார்கள். பிறகு கோர்சச், கவனா, பாரெட் என மூவர் உச்ச நீதிமன்றம் போனார்கள். பாரெட்டுக்கு அப்போது வயது 48. பதவி ஆயுள் முழுக்க. 1991ல் 43 வயதில் ஏறிய கிளாரன்ஸ் தாமஸ் ஆறு முறை ஜனாதிபதி மாறியும் இறங்கவில்லை என்பதை நினைத்தால், இந்த முதலீடு எவ்வளவு நீண்டகாலத்துக்கு என்று புரியும்.

பலன்? 2022ல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு கவிழ்ந்தது. 2024ல், சட்டம் தெளிவில்லாத இடத்தில் அரசுத் துறையின் விளக்கத்துக்கு நீதிமன்றம் வழிவிட வேண்டும் என்ற 1984ஆம் ஆண்டு ஷெவ்ரான் விதியும் போனது. ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுக்காரர்கள் போட்ட வழக்கு அது. இதில் ஒரு வேடிக்கை. ஷெவ்ரான் வழக்கு கிளம்பியதே ரீகனின் சுற்றுச்சூழல் துறை தொழிற்சாலைகளுக்குச் சாதகமாக எடுத்த முடிவிலிருந்து. அந்தத் துறைக்கு அப்போது தலைவர் ஆன் கோர்சச். நாற்பது ஆண்டு கழித்து அந்த விதியைப் புதைத்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் நீல் கோர்சச்.

கேட்டோவைப் பற்றி நீளமாகச் சொல்ல அவசியமில்லை. தொழிலதிபர் சார்லஸ் கோக் பணத்தில் 1970களில் உருவானது. குடியேற்றத்தை ஆதரிப்பார்கள், போதைப்பொருள் தடையை எதிர்ப்பார்கள், அதனால் பழமைவாதிகள் இவர்களை முழுதாக நம்புவதில்லை. ஆனால் இந்தச் சந்தை வழிக்கு ஒரு பெருமை உண்டு. விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசே தீர்மானித்த முறை 1978ல் ஒழிந்தபோது, கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர். ஆட்களையும் புகுத்தவில்லை, நீதிபதியையும் பிடிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரரையே ஒப்புக்கொள்ள வைத்த கொள்கை மாற்றம் அது. அடுத்து வந்த யாரும் அதைத் திருப்பவில்லை.

மூன்று வழிகளும் முட்டிக்கொண்டது 2025ல், இறக்குமதி வரி வழக்கில். நெருக்கடிகாலச் சட்டம் ஒன்றைக் காட்டி ட்ரம்ப் உலகம் முழுக்க வரி போட்டார். சிறு வணிகர்களுக்காக வாதாட வந்தவர்களில் கேட்டோவோடு தொடர்புள்ள சட்டப் பேராசிரியர் இல்யா சோமினும் ஒருவர். மே 28 அன்று சர்வதேச வர்த்தக நீதிமன்றம் வரி செல்லாது என்றது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் ரீகன் நியமித்தவர், ஒருவர் ட்ரம்பே நியமித்தவர். ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-4 என்று அதையே சொன்னது. மே தீர்ப்பு வந்த மறுநாளே ட்ரம்ப் பாய்ந்தது லியனார்ட் லியோ மீது. நீதிபதிகள் விஷயத்தில் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி தனக்குத் தவறான யோசனை கொடுத்துவிட்டதாகப் பகிரங்கமாகத் திட்டினார்.

என் கணக்கில் மூன்றிலும் வலுவானது நீதிமன்ற வழிதான். தன் கட்சி ஜனாதிபதியையே தடுக்க முடிகிற ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள், ஹெரிடேஜால் அது முடியாது. சந்தைக்காரர்கள் பாடு பரிதாபம். அவர்களுக்கு இன்று வெள்ளை மாளிகையில் ஆள் இல்லை, நீதிமன்றப் படியேறித்தான் வணிகச் சுதந்திரம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் நீதிமன்ற வழியும் இப்படியே நீடிக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். 2025 ஜூலையில் ட்ரம்பின் முன்னாள் வக்கீல் எமில் போவ் 50-49 வாக்கில் மேல்முறையீட்டு நீதிபதி ஆனார். எட் வீலன் போன்ற பழமைவாத சட்ட விமர்சகர்களே எதிர்த்தார்கள், பயனில்லை. அரசு ஊழியர்களுக்கு என்று ஹெரிடேஜ் தயாரித்த விசுவாச அளவுகோலை இப்போது நீதிபதிகளுக்கும் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.